பத்திரத்தில் யார் பேரோ

நவம்பர் 4, செவ்வாய்

டைல்ஸ் இன்றும் வரவில்லை. மழையாம். மழை டைல்ஸைக் கரைத்துவிடுமா என்ன? கடைக்காரனிடம் போனில் கத்திவிட்டு வைத்தால், அடுத்த தலைவலி வாட்ஸ்அப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மாப்பிள்ளை சஃப்வான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். நிக்காஹ் ஜனவரி இருபத்தைந்தில்தான். அதற்குள் கட்டி முடியாத வீட்டின் மேல் அவருக்கு உரிமை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முன்வாசலுக்கும், பக்கத்துச் சந்தைப் பார்த்த முடுக்கு வாசலுக்கும் விரல் வைத்தால் திறக்கிற பூட்டு. இரண்டு வாசலிலும் கேமரா. ஹாலில் ஒரு கேமரா. பேசினால் எரிகிற விளக்கு, தானே இழுத்துக்கொள்கிற ஜன்னல் திரை. எல்லாவற்றையும் அவர் போனிலிருந்தே திறக்கலாம், மூடலாம், பார்க்கலாம். பட்டியலின் கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை.

எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவள் வீடு கட்டி, மகள் பேரில் எழுதி, சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும். சஃப்வானின் உம்மா பல்கீஸும் அப்படிக் கிடைத்த வீட்டில்தான் காலை நீட்டிப் படுக்கிறாள். செங்கல் என்னுடையது, வெயிலில் நின்று கருத்தது நான், சாவி மட்டும் சிங்கப்பூரிலா?

பதில் போடவில்லை. நான் படித்துவிட்டேன் என்று நீல டிக் காட்டும். அதையே பார்த்துக்கொண்டு கிடக்கட்டும்.

நவம்பர் 6, வியாழன்

பட்டுக்கோட்டையிலிருந்து இளவழகன் என்று ஒருவர் வந்தார். இந்த மாதிரி சாமான்களை வீடுகளில் மாட்டித் தருவதுதான் அவர் தொழில். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். துரத்தினேன்.

"இதெல்லாம் யாரு கையில இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு வீட்டுக்கு ஒரு போன்தாம்மா தலைமை. அந்தப் போன்ல யாரைச் சேக்குறாங்களோ அவங்க விரலுக்குத்தான் கதவு திறக்கும். மத்தவங்கல்லாம் விருந்தாளி மாதிரி."

"தலைமைப் போனை அப்புறமா மாத்தலாமா?"

"அந்தப் போன் வெச்சிருக்கவங்க சம்மதிச்சா மாத்தலாம்மா."

சிரிக்கும் பொம்மைக்கு அர்த்தம் இப்போது விளங்கியது.

நவம்பர் 11, செவ்வாய்

அஸர் தொழுதுவிட்டு எழுந்ததும் பல்கீஸிடமிருந்து போன். சிங்கப்பூரிலிருந்து மகனையும் லைனில் சேர்த்து வைத்திருந்தாள். நானும் ஸ்பீக்கரில் போட்டேன். மகள் நிஸ்ரீன் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உங்க மவ பாதுகாப்புக்குத்தான் சம்மந்தி. எம்புள்ள அங்க தனியாக் கெடக்கான். பொண்டாட்டி மொகத்தைப் பாத்துக்கிட்டாவது இருக்கட்டுமே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "மொகத்தைப் பாக்கத்தான் போன் இருக்கே. செவுத்துல எதுக்குக் கண்ணு?" என்றேன்.

சஃப்வான் குறுக்கே வந்தார். "மாமி, இப்பல்லாம் எல்லா வீட்லயும் இருக்கு. யாரு வர்றா, யாரு போறான்னு தெரிஞ்சா நல்லதுதானே?"

"முடுக்குல யாரு தம்பி வருவா? பொம்பளைங்க மட்டும் நடக்குற சந்து அது. வீட்டுல இருக்க மாதிரியே தலையில துணி இல்லாம வருவாங்க, போவாங்க. அங்க கேமரா வெச்சா முதல்ல உங்க உம்மாதான் அதுல விழுவாங்க."

அந்தச் சூட்டிலேயே மீதியையும் சொல்லிவிட்டேன். "கேமரா எங்கயும் கெடையாது. விரல் பூட்டு போடலாம். ஆனா பத்திரத்துல யாரு பேரோ அவங்க போன்தான் தலைமை. கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டை நிஸ்ரீன் பேருக்குத்தான் எழுதப்போறேன். இதுக்கு மேல பேசணும்னா ஜமாஅத்துல வெச்சுப் பேசுவோம்."

ஜமாஅத் என்றதும் சஃப்வான் இறங்கி வந்தார். "சரி மாமி, நிஸ்ரீன் போன்லயே இருக்கட்டும்."

நிஸ்ரீன் போன் என்றால் என் போன் மாதிரிதான். அதன் பூட்டு எண் எனக்குத் தெரியும். தினம் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். அதையெல்லாம் இவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

போனை வைத்த பிறகு பார்த்தேன். அவள் கையிலிருந்த வெங்காயம் உரித்த இடத்திலேயே நின்றிருந்தது. "என்னடி பாக்குறே?" என்றேன். "ஒண்ணுமில்ல உம்மா, நல்லாப் பேசினே" என்றாள்.

நவம்பர் 12, புதன்

டைல்ஸ் வந்தது. ஆறு பெட்டி உடைந்திருக்கிறது. மழை உடைத்ததாம்.

நவம்பர் 20, வியாழன்

எது வேண்டும், எது வேண்டாம் என்று இன்று முடிவு செய்தேன். கேஸ் கசிந்தால் மணி அடிப்பது, வேண்டும். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நிற்பது, கண்டிப்பாக வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டு மாடியில் தினம் அருவி கொட்டுகிறது. பேசினால் எரிகிற விளக்கு வேண்டாம். என் வீட்டில் நான் பேசுவதை மனிதர்களே கேட்பதில்லை, விளக்கு கேட்கவா போகிறது? திரை வேண்டாம். இழுக்கக் கை இருக்கிறது.

நிஸ்ரீனிடம் ஒரு மரியாதைக்குக் கேட்டேன். "ஹால்ல மஞ்ச லைட் வேணாம் உம்மா. நல்ல வெள்ளையா, பளிச்சுன்னு. தரையில உக்காந்து எழுதினா எழுத்துத் தெரியணும்" என்றாள்.

தரையில் உட்கார்ந்து யார் எழுதப்போகிறார்கள்? மூன்று மாதம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போய்வந்தாள். நிச்சயம் ஆனதும் நிறுத்திவிட்டேன். கல்யாணம் ஆகப்போகிற பெண் காலையும் மாலையும் கடைத்தெரு வழியாக நடந்து போவது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அழுதாள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது.

ஹாலுக்கு மஞ்சள் விளக்கே சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டுக்கு அதுதான் அழகு.

டிசம்பர் 2, செவ்வாய்

இளவழகன் கம்பி இழுக்க வந்தார். பூட்டையும் மாட்டினார். நிக்காஹ் வரைக்கும் வேலையாட்கள் வந்து போவதால் இப்போதைக்குச் சாவியால் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறார். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவரைக் கூப்பிட்டேன்.

"கதவு திறந்தா, மூடினா போனுக்குச் சத்தம் வர்ற மாதிரி ஒரு சாமான் இருக்குன்னீங்களே. அதை முடுக்கு வாசல்ல மாட்டுங்க. என் போனுக்கு வரணும்."

"சரிம்மா. மேடத்துக்குத் தெரியுமா?"

மேடமாம். என் வயிற்றில் பிறந்தவள் இவருக்கு மேடம். "அவளுக்கு எதுக்கு? வீடு கட்டுறது நானா, அவளா?" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே மாட்டினார். கதவின் மேல்பக்கம் விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. பார்த்தால் தெரியாது.

இது கேமரா இல்லை. சஃப்வான் கேட்டது வேறு, இது வேறு. நான் பெற்றவள். முடுக்குக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் புது வீடு. அவள் அங்கே தனியாக இருக்கும்போது கதவு திறந்தால் எனக்குத் தெரிய வேண்டாமா? அவ்வளவுதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாலு பத்துக்குச் சத்தம். நாலு பன்னிரண்டுக்கு. பதின்மூன்றுக்கு. பதினைந்துக்கு இரண்டு முறை. அதன் பிறகு ஒன்றுமில்லை. ஐந்தே முக்காலுக்கு மறுபடியும் அடுக்கடுக்காக.

வேலையாட்கள் மூன்று மணிக்கே போய்விட்டார்கள். ஜன்னல் பெயிண்ட் காய்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று நிஸ்ரீன் நாலு மணிக்குப் போனாள். ஆறு மணிக்கு வந்தாள். "காயல உம்மா, மழையில்ல" என்றாள். கை கழுவும்போது பார்த்தேன். விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்போ என்னவோ.

போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

டிசம்பர் 10, புதன்

நான் எதை எதையோ நினைத்தேன். எழுத மாட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நாலரைக்குப் போனேன். சாவி போட்டுத் திறந்தேன். ஹாலில் டைல்ஸ் பெட்டி மேலும் சிமெண்ட் சாக்கு மேலும் எட்டுப் பெண் பிள்ளைகள். எல்லாம் நம் தெரு, பத்தாம் வகுப்பு. மடியில் நோட்டு. வெள்ளையடிக்காத சுவரில் சாக்பீஸால் ஏதோ முக்கோணம். நிஸ்ரீன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்து ஸலாம் சொன்னார்கள்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்று ஒரு பக்கம் நெஞ்சுப் பாரம் இறங்கியது. இறங்கினதும் கோபம் ஏறிக்கொண்டது. பெயிண்ட் காயவில்லை என்று என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள்!

"எழுந்திரிங்கடி எல்லாரும். இது கல்யாண வீடு. டியூசன் சென்டர் இல்ல."

எதிர்வீட்டு ராஹிலாவின் மகள் அழுதுகொண்டே நோட்டை மூடினாள். "மார்ச்ல பரிட்சை மாமி" என்றாள். "உங்க உம்மாவச் சொல்லித்தரச் சொல்லு" என்றேன். ராஹிலாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. சொல்லியிருக்க வேண்டாம்தான்.

எல்லோரும் போன பிறகு நிஸ்ரீன் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது உம்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவள் வாசலுக்குப் போனாள். கதவை ஒரு முறை திறந்து மூடினாள். என் இடுப்பிலிருந்த போன் சத்தம் போட்டது. அண்ணாந்து பார்த்தாள். அந்த வெள்ளைத் துண்டு அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"கேமரா எதுக்குன்னு அவங்க வீட்டோட சண்டை போட்டியே உம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

டிசம்பர் 17, புதன்

ஒரு வாரமாக என்னிடம் பேச்சு இல்லை. தேங்காய் துருவித் தருகிறாள், துணி மடிக்கிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. திறக்காவிட்டால் போகட்டும். எத்தனை நாளைக்கு?

ராஹிலா வந்து கெஞ்சினாள். துப்பட்டியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ராத்தா, எம்புள்ள கணக்குலதான் போயிடும்" என்றாள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். போகிறபோது முடுக்கில் நின்று நாலு பேரிடம் என்னைப் பற்றிப் பேசினாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

சவூதியில் தம்மாமிலிருந்து நிஸ்ரீனின் வாப்பா போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "நீயே பாத்துக்க" என்றார். இருபத்து மூன்று வருஷமாக அதைத்தான் சொல்கிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

சஃப்வான் மறுபடியும் வாலை ஆட்டுகிறார். ஹாலில் ஒரே ஒரு கேமரா, அதுவும் பேசுவதற்கு மட்டும், தலைமைப் போனாக அவர் போனையும் இரண்டாவதாகச் சேர்க்க முடியுமா என்று இளவழகனிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார். முடியாது, பத்திரத்தில் யார் பேரோ அவங்க போன் மட்டும்தான் என்று இளவழகனிடம் திண்ணமாகச் சொல்லிவிட்டேன்.

அப்போது நிஸ்ரீன் வாயைத் திறந்தாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு. "நீ சொன்னதுதான் சரி உம்மா. பத்திரத்துல யாரு பேரோ அவங்க போன்லதான் இருக்கணும். ஒரு போன் போதும்."

எவ்வளவு சந்தோஷம் எனக்கு! இப்போதுதான் பிள்ளைக்குப் புத்தி வந்திருக்கிறது. வாளைமீன் வாங்கிப் புளி கரைத்து ஆணம் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள்.

ஜனவரி 9, வெள்ளி

வீட்டை நிஸ்ரீன் பேருக்கு எழுதியாயிற்று. பத்திர அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். என் கட்டை விரல் மெஷினில் மூன்று முறை விழவில்லை, நாலாவது முறை விழுந்தது. வெளியே வந்ததும் நிஸ்ரீன் ஒரு நகல் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். பொறுப்பு வந்திருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

வெள்ளையடித்து, கழுவி, மஞ்சள் விளக்கு போட்டு, வீடு பார்க்க அப்படி இருக்கிறது. என் கண்ணே பட்டுவிடும்.

காலையில் இளவழகன் எல்லாவற்றையும் ஒப்படைக்க வந்தார். நான் என் போனை நீட்டினேன். "பேரு அவ பேரு போடுங்க. போன் இது" என்றேன்.

"நேத்தே முடிஞ்சிருச்சேம்மா. மேடம் பத்திர நகலோட கடைக்கே வந்தாங்க. அவங்க போன்லயே போட்டுட்டேன். பத்திரத்துல யாரு பேரோ அவங்கதான்னு நீங்கதானம்மா என்கிட்டயும் சொன்னீங்க?"

பட்டுக்கோட்டைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறாள்! தையல்கடைக்குப் போகிறேன் என்றாளே! அவள் போனையாவது பார்ப்போம் என்று எடுத்தால், பூட்டு எண்ணையும் மாற்றிவிட்டிருக்கிறாள். என் போனுக்கு நேற்றிலிருந்து கதவுச் சத்தம் வராததும் அப்போதுதான் உறைத்தது.

கத்தினேன். கத்தி முடிக்கிறவரை நின்றாள். பிறகு, "இப்ப என்ன, உன் விரலையும் வெச்சிடுறேன். வா உம்மா, கோவிச்சுக்காத" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பூட்டில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. அதன் பிறகு போனில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். இளவழகன் அந்தப் பக்கம் பார்க்காமல் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினார்.

சரி, போகட்டும். போன் யாருடையதானால் என்ன? விரல் என்னுடையது.

ஜனவரி 25, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிரியாணியில் உப்பு குறைவு என்று பல்கீஸ் மூன்று பேரிடம் சொன்னாளாம். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாளாம்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். ஜும்ஆ முடிந்து மாப்பிள்ளை நாலு கூட்டாளிகளோடு வந்து முன்வாசலில் விரல் வைக்கிறார், சிவப்பு. துடைத்துவிட்டு வைக்கிறார், சிவப்பு. இடது கையை வைக்கிறார், அதுவும் சிவப்பு. கூட்டாளிகள் பல்லைக் காட்டுகிறார்கள். நான் முடுக்கு வழியாகப் போய் என் விரலை வைத்தேன். பச்சை! உள்ளே போய் முன்கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மாப்ளே" என்றேன்.

"என்னமோ மெஷின் கோளாறு மாமி" என்றார். கோளாறு மெஷினில் இல்லை தம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கட்டினவள் யார், வந்தவர் யார் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. நிஸ்ரீன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மாப்பிள்ளை சிங்கப்பூர் கிளம்பினார். இனி நானும் என் மகளும்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நாலே காலுக்கு மீன் ஆணத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆணம் ஒரு சாக்கு. இரண்டு நாளாக அவள் இந்தப் பக்கமே வரவில்லை, என்னதான் செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

விரலை வைத்தேன். சிவப்பு. ஈரமோ என்று புடவையில் துடைத்து வைத்தேன். சிவப்பு. அங்கேயே நின்று இளவழகனுக்குப் போன் போட்டேன்.

"பூட்டு நல்லாத்தாம்மா இருக்கு. மேடம் நேரம் போட்டு வெச்சிருக்காங்க. உங்களுக்கு வெள்ளிக்கிழமை பத்துலேருந்து ரெண்டு. மாப்பிள்ளை சாருக்குத் தெனமும் சாயங்காலம் ஆறுக்கு மேல. என்னை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, தலைமைப் போன் அவங்களோடது."

வெள்ளிக்கிழமை பத்திலிருந்து இரண்டு. தபால் ஆபீஸுக்குக்கூட இதைவிட அதிக நேரம் உண்டு.

மணியை அழுத்தினேன். மணிக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வந்தது. "யாரு?"

"நான்தாண்டி!"

"ஒரு பத்து நிமிசம் உம்மா. புள்ளைங்க டெஸ்ட் எழுதுறாங்க. நடுவுல திறக்க முடியாது."

திரும்பி வந்திருக்கலாம். கால் வரவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் செங்கல்லும் சிமெண்டும் போட்டுச் செய்திருக்கிறேன். எதிரே ராஹிலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். "உள்ள வந்து உக்காருங்க ராத்தா, கால் வலிக்கும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கதவு திறந்தது. உள்ளே எட்டு அல்ல, பதினோரு பிள்ளைகள். புதுத் தரையில் வரிசையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலே வெள்ளை விளக்கு. மஞ்சளைக் கழற்றிவிட்டாள். நிஸ்ரீன் வாசலிலேயே நின்றாள். கையில் சிவப்புப் பேனா.

"என்ன விசயமா வந்தே உம்மா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. வேலை நேரத்தில் வந்தவரைக் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான். அவளைப் பெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவள் அறைக்குள் கதவைத் தட்டாமல் போவேன், அவள் அலமாரியைத் திறப்பேன், அவள் போனைப் பார்ப்பேன். விஷயம் என்று ஒன்று எனக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை. பதில் தேடினேன். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் பதில். அது வாயில் வரவில்லை.

"மீன் ஆணம்" என்றேன்.

வாங்கிக்கொண்டாள். "சட்டியை நாளைக்குத் தர்றேன்" என்றாள். ஒரு பிள்ளை உள்ளேயிருந்து "டீச்சர்" என்று கூப்பிட்டது. கதவை மெதுவாகத்தான் மூடினாள்.

பிப்ரவரி 4, புதன்

சட்டியைக் கழுவி ராஹிலா மகளிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், டெஸ்டில் எத்தனை என்று. "அறுபத்தெட்டு மாமி. முன்னாடி இருபத்தி நாலு" என்றது.

பிப்ரவரி 5, வியாழன்

காலையில் மெசேஜ் போட்டேன். இன்று ஆறு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வரலாமா, வேலை ஒன்றுமில்லை, சும்மா உன்னைப் பார்க்கத்தான் என்று.

நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.